முதலாளிக்கும் 'யூ', எடுபிடிக்கும் 'யூ'!

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் சிறுவனுக்கு ஒரு சந்தேகம் வரும். ஒருவன் என்றால் "ஹீ இஸ்". பலர் என்றால் "தே ஆர்". எதிரே நிற்பவர் ஒருவர்தானே? அவருக்கு மட்டும் "யூ ஆர்" என்று பன்மை எதற்கு?

காரணம் உண்டு. ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் "நீ", "நீங்கள்" என்ற பேதம் இருந்தது. "நீ" என்பதற்குத் "தௌ" என்றார்கள். "யூ" என்பது பன்மை. பெரிய மனிதர்களை மரியாதைக்காக "யூ" என்று அழைப்பது பிறகு வந்த பழக்கம்.

1603-ல் சர் வால்டர் ராலே ராஜத் துரோக வழக்கில் நிறுத்தப்பட்டார். சர்க்கார் வக்கீல் எட்வர்டு கோக் அவரை வேண்டுமென்றே "தௌ" என்று அழைத்து அவமதித்தார்!

அதே நூற்றாண்டில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவரைப் பின்பற்றிய குவேக்கர்கள், "கடவுள் முன் எல்லாரும் சமம்" என்றார்கள். நீதிபதியானாலும் சரி, பிரபுவானாலும் சரி, எல்லாரையும் "தௌ" என்றே அழைத்தார்கள். அதற்காக ஏச்சும் அடியும் பட்டார்கள்.

முடிவு என்ன தெரியுமா? யாரையும் குறைத்துப் பேசுவானேன் என்று மக்கள் எல்லாரையுமே "யூ" என்று அழைக்கலானார்கள். "தௌ" பழைய பிரார்த்தனைகளிலும் சில வட்டாரப் பேச்சிலும் ஒதுங்கிக் கொண்டது. "யூ" கூடவே வந்த "ஆர்" மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது.

குவேக்கர்கள் எல்லாரையும் "நீ" ஆக்கப் பார்த்தார்கள். மொழியோ எல்லாரையும் "நீங்கள்" ஆக்கிவிட்டது!