லயத்து வீட்டில் டியூஷன்: கல்லூரி மாணவர் எடுக்கலாமா, எப்படி எடுப்பது?

நீங்கள் மூணாறு அருகே மாட்டுப்பட்டியில், எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. லீவுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா கேட்கிறார்: "தம்பி, பாப்பாவுக்குக் கணக்கு வரவே மாட்டேங்குது, கொஞ்சம் சொல்லிக்குடேன்." சரி என்று சொல்வதற்கு முன் சில விஷயங்கள்.

சட்டம் தடுக்குமா? தடுக்காது. கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று சொல்வது பள்ளி ஆசிரியர்களுக்குத்தான். பயிற்சி மையங்களுக்காக மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், கற்பிப்பவர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் அவை 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கானவை. உங்கள் திண்ணையில் ஆறு பேர் உட்கார்ந்தால் அந்தக் கணக்கில் வராது.

எல்லைக்கு அந்தப் பக்கம் இதையே அரசு செய்தது. தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், தன்னார்வலர்கள் மாலையில் வீட்டருகே பாடம் எடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தொடக்க வகுப்புகளுக்குப் பிளஸ் டூ படித்திருந்தாலே போதும். அது தமிழ்நாட்டுத் திட்டம் என்பதால் கேரளத்தின் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. அந்த இடத்தில்தான் நீங்கள் வருகிறீர்கள்.

உங்களிடம் பெரிய பேராசிரியரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடத்துக்குள் விழுந்து எழுந்தவர் நீங்கள். தமிழில் 'விசை' என்பதை மலையாள மீடியத்தில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் 'பலம்' என்பான். 'முடுக்கம்' அவனுக்கு 'த்வரணம்'. பிளஸ் ஒன் அறிவியலில் இரண்டும் போய் ஃபோர்ஸ், ஆக்சிலரேஷன் என்று புத்தகம் பேசும். பாடம் புரியாமல் தோற்கிற பசங்களை விட, சொல் புரியாமல் "எனக்கு சயின்ஸ் வராது" என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம் என்பது என் கருத்து. நோட்டில் மூன்று பத்தி போட்டு, தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று எழுத வையுங்கள். (கம்ப்யூட்டரில் 'விசைப்பலகை' வரும்போது, இந்த விசை வேற, அந்த விசை வேற என்று சொல்ல மறக்காதீர்கள்.)

கணக்கில் இரண்டு வகுப்பு பின்னால் போய்த் தொடங்குங்கள். எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் வரலைன்னா, சிக்கல் பெரும்பாலும் ஆறாம் வகுப்புப் பின்னத்திலோ மைனஸ் எண்ணிலோ இருக்கும். விடையை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். "எப்படி வந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள். தனியாகக் கற்றவர்கள் சாதாரண வகுப்பில் படித்தவர்களை விட வெகுவாக முந்தினார்கள் என்று பெஞ்சமின் புளூம் 1984-ல் எழுதினார். அந்த அளவு முன்னேற்றம் பின்னாளைய ஆய்வுகளில் பொதுவாகக் கிடைக்கவில்லை. ஆனாலும் சிறு குழுவால் பலன் உண்டு என்பது நிலைத்தது.

கம்ப்யூட்டர் இல்லையா? பரவாயில்லை. அம்மா ஆறு நாள் பறித்த கொழுந்தின் எடையைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். மொத்தம் பூஜ்ஜியம், ஒவ்வொரு நாள் எடையையும் அதோடு கூட்டு, நாள் தீர்ந்தால் நிறுத்து. அதுதான் லூப். பிறகு பைத்தானில் எழுதினால் நான்கைந்து வரி. கேரளப் பள்ளிகளில் ஓடுவது கைட் அமைப்பின் இலவச லினக்ஸ் என்பதால், பழைய லேப்டாப் ஒன்று கிடைத்தால் அதையே போட்டுக்கொள்ளலாம்.

நேரம்தான் கடைசிச் சிக்கல். படையப்பா போன்ற காட்டு யானைகள் நடமாடும் பகுதி இது. இரவு எட்டு மணிக்கு வகுப்பை முடித்து, பிள்ளைகளைத் தேயிலைக் காட்டு வழியே தனியாக அனுப்பக் கூடாது. பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம், கதவைத் திறந்து வைத்து, இருட்டும் முன் முடியுங்கள். முடியாத நாளில் யார் வந்து கூட்டிப்போவது என்று அந்த அக்காவிடம் முதல் நாளே பேசி வையுங்கள்.