சம்பளம் ஏன் பிந்தியது? நேரத்துக்கும் கணக்கு வேண்டும்

வியாழன் விடியும்போது சம்பளம் வந்துவிட்டதா என்று கைத்தொலைபேசியைப் பார்ப்பது எம்மவர் பலரின் வழக்கம். வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் காசும் அதில்தான் தங்கியுள்ளன. அந்தச் சம்பளக் கணக்கு பெரும்பாலும் இரவில், எல்லோருக்கும் மொத்தமாக, கணினியால் தானாகவே செய்யப்படுகிறது. இத்தகைய வேலையைக் கணினித் துறையினர் ‘பட்ச் ஜொப்’ என்பர். 2012 ஜூனில் பிரித்தானியாவின் றோயல் பாங்க் ஒவ் ஸ்கொட்லாந்து குழுமத்தில் இவ்வேலை தடைப்பட்டபோது 65 இலட்சம் வாடிக்கையாளர் பாதிக்கப்பட்டனர்.

ஒடாஹுஹுவில் நாம் கணக்குப் பார்க்கும் அலுவலகத்திலும் சிறிய அளவில் ஒரு சிக்கல் வந்தது. 300 தொழிலாளரின் சம்பளக் கணக்கு இரண்டரை மணி நேரம் ஓடியது. ஒரு வாரம் வங்கிக்கு அனுப்பும் நேரம் தவறி, சம்பளம் ஒரு நாள் பிந்தியது. வாடகை கட்ட வழியில்லாமல் ஒருவர் எமது வாசலில் வந்து நின்றார். மென்பொருள் தந்தவர்களோ, "பெரிய சேர்வர் வாங்குங்கள்" என்றார்கள்.

நாம் கொமர்ஸ் படித்தவர்கள். செலவு கூடினால், எந்தக் கணக்கில் கூடியது என்றுதான் முதலில் பார்ப்போம். நேரத்தையும் அப்படியே பார்த்தோம். எமது தரவுத்தளம் போஸ்ட்கிறெஸ். அதிலுள்ள ‘பிஜி ஸ்டட் ஸ்டேட்மென்ட்ஸ்’ என்ற வசதி, ஒவ்வொரு கட்டளையும் எத்தனை தடவை ஓடியது, மொத்தமாக எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைப் பேரேடு போலக் காட்டும்.

முதலிடத்தில் நின்ற கட்டளை ஒரு தடவைக்கு அரை விநாடிதான் எடுத்தது. ஆனால் 15,600 தடவை ஓடியிருந்தது. அதாவது 7,800 விநாடி; 2 மணி 10 நிமிடம். நியூசிலாந்தின் 2003 விடுமுறைச் சட்டப்படி, வருடாந்த விடுமுறைச் சம்பளத்துக்குக் கடந்த 12 மாதச் சராசரி வாரச் சம்பளத்தையும் பார்க்க வேண்டும். மென்பொருள், விடுமுறை எடுக்காதவர் உட்பட 300 பேருக்கும் 52 வாரங்களைத் தனித்தனியே தேடியிருக்கிறது.

‘எக்ஸ்பிளெயின் அனலைஸ்’ கட்டளை மிச்சத்தைச் சொன்னது: ஒவ்வொரு தேடலிலும் எட்டு வருடப் பதிவுகள் முழுவதும் வாசிக்கப்பட்டன. தொழிலாளர் இலக்கம், திகதி ஆகிய இரண்டையும் வைத்து ஓர் இன்டெக்ஸ் போட்டோம். வேலை அரை மணிக்குள் முடிந்தது.

இரண்டு விடயங்களில் கவனம் தேவை. ஒரே வேலையை உடனே மறுபடி ஓட்டினால், தரவு நினைவகத்தில் இருப்பதால் எதுவும் மாற்றாமலே வேகம் கூடும். அதை வெற்றி என்று எண்ணக்கூடாது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவரின் சம்பளமும் சதம் பிசகாமல் ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பெரிய சேர்வர் வாங்கச் சொன்னால், நேரம் எங்கே போனதென்ற கணக்கை முதலில் கேளுங்கள். நாம் இன்றுவரை புதிது வாங்கவில்லை. சம்பளமும் அதற்குப் பின் பிந்தவில்லை.