‘ஒருமுறை வந்தது இனி வராது’: நாணயத்தால் சோதிக்கக்கூடிய ஒரு நம்பிக்கை

மாவனல்லையில் உறவினர் வீடொன்றுக்குப் போயிருந்தேன். எட்டாம் தரத்தில் படிக்கும் மகள் கணித வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஒரு நாணயத்தை 20 முறை சுண்டி, தலை எத்தனை, பூ எத்தனை என்று எழுத வேண்டும். அவளுக்குத் தலை 14 முறை விழுந்தது. அதை அழித்துவிட்டு 10 என்று எழுதினாள். "பாதிக்குப் பாதி தானே வரணும்?" என்றாள்.

வெளியே நல்ல மழை. மண்சரிவு பற்றிப் பேச்சு வந்தது. "அதான் 2016ல பெருசா வந்துருச்சே, இனி நம்ம காலத்துல வராது" என்றார் பாட்டி.

இருவரின் நம்பிக்கையும் ஒன்றுதான்: நடந்ததை இயற்கை நினைவில் வைத்துக் கணக்கைச் சரிசெய்யும் என்பது.

2016 மே 17 அன்று, மாவனல்லைக்கு அருகிலுள்ள அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய பகுதியில் தோட்ட லயன்களும் மண்ணுக்குள் போயின. வன்னியில் வாழ்ந்தவர்களுக்கும் பாட்டியின் பேச்சு புதிதாக இராது. ஷெல் விழுந்த குழியில் இன்னொன்று விழாது என்று பங்கருக்குள் சொல்லிக்கொண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கை சரியா என்பதைப் போலச் செய்து பார்த்துச் சோதிக்கலாம். நானும் அந்தப் பிள்ளையும் நாணயத்தை 100 முறை சுண்டினோம். ஒரே பக்கம் தொடர்ந்து மூன்று முறை விழுந்த இடங்களை மட்டும் குறித்து, அடுத்து என்ன விழுந்தது என்று பார்த்தோம். அப்படி 23 இடங்கள் இருந்தன. 12 இடங்களில் அதே பக்கமே மீண்டும் விழுந்தது, 11 இடங்களில் மாறியது. நாணயத்துக்கு நினைவில்லை. அவள் அழித்த 14உம் தவறல்ல. 20 முறை சுண்டினால், ஏறத்தாழ ஒன்பது பிள்ளைகளில் ஒருவருக்கு ஏதாவதொரு பக்கம் 14 அல்லது அதற்கு மேல் விழும்.

இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி ஏவிய பறக்கும் குண்டுகளுக்கும் இப்படியொரு கணக்கு இருக்கிறது. தென் லண்டனை 576 சம சதுரங்களாகப் பிரித்து, அங்கு விழுந்த 537 குண்டுகளை எண்ணினார் ஆர். டி. கிளார்க். 1946இல் அது வெளியானது. 229 சதுரங்களில் குண்டே விழவில்லை. 136 சதுரங்களில் ஒன்றுக்கு மேல் விழுந்திருந்தன. யாரும் குறிவைக்காமல், கண்டபடி விழுந்தாலும் இப்படித்தான் அமையும். கட்டம் போட்ட தாளில் அரிசியைத் தூவிவிட்டு எண்ணினால் வகுப்பறையிலேயே இதைக் காணலாம்.

இனி மழைக்கு வருவோம். ‘நூறு வருடத்துக்கு ஒருமுறை’ என்றால், ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றே பொருள். ஒருமுறை வந்தபின் 99 வருடம் ஓய்வு என்பதல்ல. பையில் 100 சீட்டுகளைப் போடுங்கள், ஒன்று மட்டும் சிவப்பு. ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து, திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். அது ஒரு வருடம். இப்படி 30 முறை எடுத்தால் 30 வருடம். வகுப்பில் 40 பிள்ளைகள் இதைச் செய்தால், சுமார் பத்துப் பேருக்கு ஒரு முறையாவது சிவப்பு வரும். நான்கில் ஒருவர்!

ஆனால் மலை, சீட்டுப் பை அல்ல. சரிந்த சரிவின் மிச்ச மண் தளர்ந்திருக்கலாம். மேலே புதிதாக வெட்டிய பாதையும், அடைபட்ட வடிகாலும் ஆபத்தைக் கூட்டும். அப்போது பையில் இருப்பது ஒரு சிவப்புச் சீட்டு மட்டுமல்ல. எத்தனை என்பதைச் சீட்டு விளையாட்டு சொல்லாது. நிலத்தை ஆராய்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால், வெளியேற வேண்டும் என்று அர்த்தம். அந்த இரவில், "அதான் வந்துருச்சே" என்று யாராவது கதவைச் சாத்தப் பார்ப்பார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்த பிள்ளை அந்த வீட்டில் இருந்தால், அவள் சொல்வதைக் கேளுங்கள்.