புதிய நினைவகமும் நிலைகுலையும் கணினியும்



கணினி மெதுவாக இயங்குகிறது என்று கூடுதல் நினைவகம் வாங்கி வந்து பொருத்துகிறோம். முதல் நாள் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. மறுநாள், பிள்ளை பள்ளிக்கட்டுரையைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கையில், திரை திடீரென நீலமாக மாறுகிறது. கணினி தானாகவே நின்று மீண்டும் தொடங்குகிறது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அதே கதை. வேகம் கூட்டப் போய் வேலையே கெட்டுவிட்டது! இக்கோளாறு எதனால் வருகிறது, அதனை எவ்வாறு கண்டறிவது என்பதை இன்று காண்போம்.

ரேம் என்று நாம் வழங்கும் நினைவகத்தின் அடிப்படை அமைப்புக்கு, ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டு என்பவர் 1968ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதன் ஒவ்வொரு சிற்றறையிலும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் இருக்கின்றன. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று; இல்லாவிட்டால் சுழியம். அம்மின்னூட்டமோ ஓட்டைக் குடத்து நீர்போல் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே, பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் ஒரு முறை ஒவ்வோர் அறையும் மீண்டும் நிரப்பப்படுகிறது. 8 ஜிகாபைட் நினைவகத்தில் இத்தகைய அறைகள் 6,800 கோடிக்கும் மேல். அவற்றுள் ஒன்று தவறினாலும் கணினி தவறான கட்டளையைப் படித்து நிலைகுலையக்கூடும்.

நிலைகுலைவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தவறு கட்டளையில் விழாமல் நம் கோப்பில் விழுந்தால், கணினி நிற்பதில்லை. பிழையோடு கூடிய கோப்பை அமைதியாகச் சேமித்துவிடுகிறது. அதையே நாம் நகலெடுத்தால் நகலிலும் பிழை. வீட்டுக் கணக்கும் திருமணப் படங்களும் கெட்டிருப்பது பல மாதங்கள் கழித்தே தெரியவரும். எனவே, "எப்போதாவதுதானே நிற்கிறது" என்று தொடர்ந்து பயன்படுத்துதல் கூடாது. முதலில் புதிய நினைவகத்தைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் வைத்து இயக்குவோம். முக்கியமான கோப்புகளைத் திறந்து பார்த்து, வேறோர் இடத்தில் நகலெடுப்போம். முன்னமே வைத்திருக்கும் நல்ல நகலின்மேல் புதியதைப் பதிய வேண்டாம்.

பழைய நினைவகத்தோடு கணினி பல மணி நேரம் ஒழுங்காக ஓடினால், கோளாறு புதிய வரவைச் சார்ந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இனி, எளியதிலிருந்து கடினமானதை நோக்கிச் செல்வோம்.

முதலாவது, பொருத்திய விதம். மின்இணைப்பை அகற்றி, கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு நம் உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிய பின்னரே நினைவகத்தைத் தொட வேண்டும். தங்கநிறத் தொடுமுனைகளில் விரல் படலாகாது. மேசைக் கணினியில் பக்கவாட்டுப் பிடி "டக்" என்று பூட்டிக்கொள்ளும்வரை அழுத்த வேண்டும். அரைகுறையாக அமர்ந்த நினைவகமே பல இல்லங்களில் குற்றவாளி. நான்கு இடங்கள் கொண்ட தாய்ப்பலகையில், இரண்டு நினைவகங்களைப் பெரும்பாலும் செயலியிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் இடங்களில் வைக்கச் சொல்வார்கள். கையேட்டைப் பார்த்துக்கொள்வது நலம்.

இரண்டாவது, ஒன்றொன்றாகச் சோதித்தல். புதியதை மட்டும் வைத்து ஓட்டுவோம். பிறகு அதையே வேறோர் இடத்தில் வைத்து ஓட்டுவோம். எங்கு வைத்தாலும் கோளாறு அதனுடனேயே சென்றால், நினைவகம் பழுது. எந்த நினைவகத்தை வைத்தாலும் ஒரே இடத்தில் கோளாறு நேர்ந்தால், அவ்விடமே பழுது. கண்ணால் காத்திராமல் "மெம்டெஸ்ட்86" போன்ற சோதனை நிரலை யுஎஸ்பி கருவியிலிருந்து இயக்கி, இரவு முழுதும் ஓடவிடலாம். அது ஒரே ஒரு பிழையைக் காட்டினாலும், அந்நிலையில் கணினியை நம்புதல் கூடாது.

மூன்றாவது, தனித்தனியே நலமாக ஓடி, சேர்ந்தால் மட்டும் கெடுவது. இங்கே பொருள் பழுதன்று, பொருத்தமின்மையே காரணம். டிடிஆர்4 நினைவகத்தின் பொதுத்தர வேகம் 3200 வரைதான். 3600 என்று அட்டையில் அச்சிட்டு விற்பது, எக்ஸ்எம்பி என்னும் அமைப்பின் வழியே தரத்தை மீறி, 1.2 வோல்ட்டுக்குப் பதில் பெரும்பாலும் 1.35 வோல்ட் கொடுத்து விரட்டும் வேகமாகும். வெவ்வேறு வகை நினைவகங்களைக் கலந்தாலோ, நான்கு இடங்களையும் நிரப்பினாலோ, செயலியின் நினைவகக் கட்டுப்பாட்டகம் அவ்வேகத்தைத் தாங்காமல் போகலாம். பயாஸ் அமைப்பிற்குள் சென்று எக்ஸ்எம்பியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். சற்று வேகம் குறையும். ஆனால் பல வேளைகளில் நிம்மதி திரும்பும். பயாஸின் புதிய பதிப்பும் சிலபோது உதவும்.

டிடிஆர்5 வாங்கியவர்களுக்கு ஒரு சொல். முதல் முறை இயக்கும்போது கணினி நினைவகத்தோடு பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கக்கூடும். திரை கறுத்திருக்கிறதே என்று உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டாம்.

நேயர்களே, இச்சோதனைகளில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, கண்டதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டை ஒருசேர மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது. அத்தாளோடு கடைக்குச் சென்றால், உத்தரவாதக் காலத்திற்குள் நினைவகத்தை மாற்றிக் கேட்பது எளிது. தேவையின்றித் தாய்ப்பலகை வாங்கும் செலவும் மிஞ்சும். பதறாத காரியம் சிதறாது என்பது கணினிக்கும் பொருந்தும் மொழியே.