லின்க்ஸ் படமும் நம் ஊர் வெருகும்

குளிர்நாட்டுக் காடுகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது லின்க்ஸ் படத்தைக் காட்டினால், ஜவ்வாது மலையில் என் வகுப்புப் பிள்ளைகள் உடனே சொல்வார்கள்: "சார், இது எங்க கொல்லைக்கு வர்ற காட்டுப்பூனை!"

அதை முழுத் தவறு என்று தள்ள முடியாது. நம் காட்டுப்பூனையின் காது நுனியிலும் சிறு கறுப்பு மயிர்க்கற்றை உண்டு. அதனால் ஆங்கிலத்தில் அதைச் 'சதுப்புநில லின்க்ஸ்' என்று சொல்வோரும் இருக்கிறார்கள்.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, வேறுபாட்டை அவர்களையே சொல்ல வைப்பேன். முதலில் வாலைப் பிடித்துக்கொள்வார்கள். லின்க்ஸுக்குக் கட்டை வால். நம் பூனைக்கு அதைவிட நீளம், நுனிப்பக்கம் கறுப்பு வளையங்கள். அடுத்து பாதம். பனியில் புதையாமல் நடக்க லின்க்ஸுக்கு அகன்ற, மயிரடர்ந்த பாதம். எடையும் 20 கிலோவைத் தாண்டும். இந்தியாவில் அதைப் பார்க்க லடாக் பக்கம் போகவேண்டும். நம் காட்டுப்பூனை பெரும்பாலும் 4 முதல் 8 கிலோ. வீட்டுப்பூனைக்குத்தான் நெருங்கிய உறவு.

தமிழாசிரியர்களுக்கும் இதில் வேலை உண்டு. காட்டுப்பூனையின் பழந்தமிழ்ப் பெயர் வெருகு. அதன் இளமைப் பெயர் 'குட்டி' என்றும், 'பறழ்' என்றாலும் பொருந்தும் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்திருக்கிறது.

அந்தக் குட்டிகள்தான் என் கவலை. கொல்லையில் அறுப்பு நடக்கும்போது புதரில் இரண்டு மூன்று குட்டிகள் கிடக்கும். தாய் செத்துவிட்டது என்று நினைத்து, பிள்ளைகள் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்துவிடுவார்கள். பெரும்பாலும் தாய் இரைதேடித்தான் போயிருக்கும். பசும்பால் ஊற்றினால் குட்டிக்கு வயிறு கெடும். வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் இடம் தராது. காயமில்லாத குட்டியைத் தொடாமல், அந்த இடத்தில் மட்டும் அறுப்பை நிறுத்தி, ஆட்கள் விலகிவிட வேண்டும். இருட்டியபின் தாய் வந்து கழுத்தைக் கவ்வித் தூக்கிப் போகும். தூக்கி வந்துவிட்டாலும் வனத்துறைக்குச் சொல்லி, அன்றே எடுத்த இடத்தில் வைக்கலாம். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் கரும்புத் தோட்டங்களில் கிடைக்கும் குட்டிகளை வனத்துறையினர் இப்படித்தான் தாயிடம் சேர்க்கிறார்கள்.

"கோழியைப் பிடிக்குதே சார்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். பிடிக்கத்தான் செய்யும். ஆனால் அதன் முதன்மை உணவு எலி. ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து எலிவரை தின்னும். கோழி பறிகொடுத்த வீட்டில் இந்தக் கணக்கு எடுபடாது. பொழுது சாய்வதற்குள் கூட்டை இறுக மூடிவிடச் சொல்வேன்.