பந்தயப் புறா வளர்ப்போர் வீடு மாறும்போது

வட சென்னையில் வியாசர்பாடி, பெரம்பூர், புளியந்தோப்பு, இராயபுரம் பகுதிகளில் மாடிக்கு மாடி புறாக் கூண்டு இருப்பதைக் காணலாம். கர்ணம் போடும் புறா, மணிக்கணக்கில் உயரப் பறக்கும் சாதா புறா, வெகுதூரத்திலிருந்து வீடு திரும்பும் ஹோமர் புறா என மூவகையும் அங்கு வளர்க்கப்படுகின்றன. 2015-ல் வெளிவந்த 'மாரி' திரைப்படத்துக்குப் பின் மற்ற ஊர்க்காரர்களுக்கும் இந்தப் பந்தயம் ஓரளவு தெரிந்தது.

வாடகை உயர்வு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை, பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகள் இடித்துக் கட்டப்படுதல் போன்ற காரணங்களால் இந்த வளர்ப்போரில் சிலர் பொன்னேரி வட்டத்துக்குக் குடிபெயர நேரிடுகிறது. பெரியபாளையத்தை அடுத்து, ஆரணி ஆற்றங்கரையில் இருக்கும் ஆரணியில் மாடியோடு கூடிய தனி வீடு நகரத்தைவிடக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். (பட்டுக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி வேறு.) பாத்திரம் பண்டங்களை ஒரு லாரியில் ஏற்றிவிடலாம். பத்தாண்டு பாடுபட்டுச் சேர்த்த ஹோமர் புறாக்கள் அப்படி வந்துவிடுவதில்லை. புதுவீட்டில் கூண்டைத் திறந்த மறுகணமே அவை பழைய வீட்டைத் தேடிப் பறந்துவிடும்.

வியாசர்பாடிக்கும் ஆரணிக்கும் வான்வழியில் சுமார் 30 கி.மீ. தூரமே உள்ளது. ஓங்கோலிலிருந்து 265 கி.மீ. பறந்து வந்து பழகிய புறாவுக்கு இது அரைமணி நேரப் பறப்பு. சூரியனின் நிலையும் பூமியின் காந்தப் புலமும் புறாவுக்குத் திசை காட்டுகின்றன. கூண்டைச் சுற்றியுள்ள இடங்களின் அடையாளம் மனத்தில் பதிந்துவிடுகிறது. கற்ற வழியைப் புறா நான்கு ஆண்டுகள் கழித்தும் மறப்பதில்லை என்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி தெரிவிக்கிறது. ஆகவே ஒரு மாதம், இரு மாதம் புதுக் கூண்டில் அடைத்துவைத்தால் பழைய வீட்டை மறந்துவிடும் என்று நம்புவது வீண்.

பழைய வீடு அப்படியே இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்துத் தருவார். இடித்துவிட்ட வீடானால் நிலைமை பரிதாபமே. கூண்டில் தீனி தின்று வளர்ந்த புறா, இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ரயில் நிலையத்துக் காட்டுப் புறாக்களோடு சேரும். அல்லது பட்டினியால் மெலிந்து பூனைக்கும் ராஜாளிக்கும் இரையாகும்.

எதைக் கொண்டு செல்வது?

மாறுவதற்கு முன் புறாக்களை வயதுவாரியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வெளியில் பறந்தறியாத, சுமார் 35 நாட்களுக்குட்பட்ட குஞ்சுகளைத் தயக்கமின்றிக் கொண்டுபோகலாம். அவற்றுக்கு எந்த வீட்டில் முதன்முதலாக வானத்தைப் பார்க்கின்றனவோ அதுவே வீடு. இரண்டு மூன்று மாதம் பறந்த இளம் புறாக்கள் பாதிக்குப் பாதி நிலைக்கலாம். பந்தயத்தில் பறந்த பெரிய புறாக்களைப் புதுவீட்டில் வெளியே விடாமல், இனப்பெருக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். வென்ற புறாவை ஆயுள் முழுதும் அடைத்து வைப்பதற்கு மனம் வராதவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் பழைய தெருவிலேயே உள்ள நம்பிக்கையான நண்பரிடம் அதைக் கொடுத்துவிடலாம். தெரு பழகிய இடமாகையால் இரண்டு வீடு தள்ளியுள்ள கூண்டுக்கு அது எளிதில் பழகும். பந்தயத்திலும் தொடர்ந்து பறக்கும்.

கர்ணம், சாதா வகைகளில் சிரமம் குறைவு. ஹோமரைப் போல் வெகுதூரம் வழி கண்டுபிடிக்கும் திறமை அவற்றுக்கு இல்லை. ஆனால் அதே காரணத்தால் அவசரப்பட்டுத் திறந்தால் பழைய வீட்டுக்கும் போகாமல், புதுவீட்டுக்கும் வராமல் தொலைந்துபோகும்.

மாற்றுவதற்கேற்ற காலம்

நம் பகுதியில் பந்தயங்கள் பெரும்பாலும் தை முதல் சித்திரை வரை நடக்கின்றன. அதன்பின் கத்திரி வெயில். ஆனி, ஆடி மாதங்களில் புறாக்கள் இறகு உதிர்க்கும். எப்படியும் அவற்றை அதிகம் பறக்கவிடுவதில்லை. வீடு மாற இதுவே தக்க சமயம். ஜூலை முதல் வாரத்தில் புதுக் கூண்டில் ஜோடி சேர்த்தால் சுமார் பத்து நாளில் முதல் முட்டை, ஒரு நாள் விட்டு இரண்டாவது முட்டை, 17 அல்லது 18 நாள் அடைகாத்தபின் ஆகஸ்டு தொடக்கத்தில் குஞ்சு. ஏழாம் நாள் காலில் வளையம் போட வேண்டும். தாமதித்தால் வளையம் ஏறாது. நான்கு வாரத்தில் குஞ்சு தானாகத் தின்னும். ஆரணியில் பிறந்த அந்தக் குஞ்சுகளே அடுத்த தைக்குப் பந்தயப் புறாக்கள்.

புறாக்கள் போகும் முன்பே கூண்டு தயாராகியிருக்க வேண்டும். எட்டடி நீளம், ஆறடி அகலம், ஏழடி உயரமுள்ள கூண்டில் 30 புறாக்களுக்கு மேல் வைக்கலாகாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும். எனவே திறந்த முகப்பு தென்கிழக்கு நோக்கி இருப்பது நலம். காலை வெயிலும் கிடைக்கும். பிச்சாட்டூர் அணை திறக்கப்படும் நாட்களில் ஆரணி ஆற்றில் வெள்ளம் வரும். தாழ்வான மனையில் தரையோடு கூண்டு கட்டுவது ஆபத்து. மொட்டை மாடியில் அமைக்கலாம். தரையிலானால் இரண்டடிக் கால்களின் மேல் நிறுத்தி, எலியும் பாம்பும் ஏறாதபடி கால்களைச் சுற்றித் தகரம் அடிக்க வேண்டும்.

பயணத்துக்குக் காற்றோட்டமுள்ள மூங்கில் கூடையே உத்தமம். அந்தி சாய்ந்தபின் புறப்பட்டால் செங்குன்றம், காரனோடை, ஜனப்பன்சத்திரம், பெரியபாளையம் வழியாக இரவோடு இரவாகச் சேர்ந்துவிடலாம். கூடையில் நெருக்கி அடைக்கக் கூடாது. புறப்படுமுன் தீனியைக் குறைத்துத் தண்ணீர் தாராளமாகக் காட்ட வேண்டும். கூடையைத் தார்ப்பாயால் மூடிவிடுவோர் உண்டு. போய்ச் சேரும்போது மூச்சுத் திணறிய புறாக்களை எடுக்க நேரும்.

பழக்கும் முறை

கூண்டின் மேல் கம்பிவலையால் சிறு காட்சிக் கூண்டு ஒன்று அமைத்து, இளம் புறாக்களைத் தினமும் ஒரு மணி நேரம் அதில் விட வேண்டும். சுற்றுமுள்ள தென்னை, கோயில் கோபுரம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் அவை அங்கிருந்தே பார்த்துப் பழகும். தீனி வைக்கும்போது ஒரே விதமாகச் சீழ்க்கை அடித்தோ, டப்பாவைக் குலுக்கியோ ஓசை காட்ட வேண்டும். பத்துப் பதினைந்து நாளில், மாலையில் பசியோடிருக்கும்போது கதவைத் திறந்தால் கூரைவரை ஏறி, ஓசை கேட்டதும் இறங்கிவிடும்.

ஓரிரு வயதுப் பெரிய புறாவைப் பழக்கியே தீர வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. ஜோடி சேர்ந்து, குஞ்சு எட்டுப் பத்து நாளாக இருக்கும்போது, இருட்ட அரைமணி இருக்கையில், ஜோடியில் ஒன்றை மட்டும் பசியோடு வெளியே விட வேண்டும். குஞ்சின் மேலுள்ள பாசமும் துணையும் பசியும் சேர்ந்து இழுக்கும். இருட்டில் வெகுதூரம் போகவும் துணியாது. முதல் சில வாரம் சிறகைத் துணிநாடாவால் இலேசாகக் கட்டிவிடுவதும் உண்டு. சிறகு இறகுகளைப் பிடுங்குவது கொடுமை. அந்தப் பருவமே வீணாகும். இவ்வளவு செய்தும் சில புறாக்கள் போய்விடும் என்பதை மனத்தில் வைத்தே கதவைத் திறக்க வேண்டும்.

இடம் மாறும் கூண்டுக்குப் புறாவைப் பழக்குவது முடியாத காரியமும் அல்ல. முதல் உலகப் போரில் வண்டிகளின் மேல் கூண்டு கட்டி, வண்டி நகர்ந்தாலும் அதையே தேடி வரும்படி இளம் புறாக்களைப் பழக்கினர். ஒடிசா காவல் துறை 1946-ல் தொடங்கிய புறாத் தபால் பிரிவிலும் நடமாடும் கூண்டுப் புறாக்கள் இருந்தன. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செய்தி கொண்டுபோய், மறுபடி திரும்பிவரும் புறாக்களும் அங்கு இருந்தன. தீனி ஓரிடம், கூண்டு மற்றோரிடம் என வைத்துப் பழக்கினால் புறா இரண்டு இடங்களையும் கற்கும். 1982 வெள்ளத்திலும் 1999 பெரும்புயலிலும் உதவிய அந்தப் பிரிவின் செய்திப் பணி 2002-ல் முடிவுக்கு வந்தது.

கிராமத்தில் புதிய ஆபத்துகள்

வியாசர்பாடிப் புறாவுக்கு வயல் என்றால் தெரியாது. ஆரணியைச் சுற்றி நெல்லும் வேர்க்கடலையும் பயிராகின்றன. பூச்சிமருந்தோ பூசணக் கொல்லியோ கலந்த விதையைப் பொறுக்கித் தின்றால் புறா சாகும். நாற்றங்காலில் இறங்கினால் விதைத்தவரின் கோபமும் நியாயமே. விதைப்புக் காலத்தில் கூண்டிலேயே வயிறார நனைக்காத கம்பு, சோளம், மக்காச்சோளம், பச்சைப்பயறு, பட்டாணி ஆகியவற்றைக் கொடுத்து, பறக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். புறா ஒன்றுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 கிராம் தானியம் போதும். கிளிஞ்சல் தூள், செங்கல் தூள், கரித்தூள், சிறிது உப்பு கலந்த கலவை எப்போதும் கூண்டில் இருக்கட்டும். அனல் மின் நிலையங்களிலிருந்து வரும் உயர் மின்னழுத்தக் கம்பிகள் இந்த வட்டத்தில் பல திசைகளிலும் செல்கின்றன. மூடுபனி நாளில் குஞ்சுகளை விடுவது கூடாது.

புதிதாக வாங்கிய புறாவை மூன்று வாரம் தனியே வைக்க வேண்டும். கழுத்து முறுக்கிக்கொள்ளும் நோய் பரவினால் கூண்டே காலியாகும். தடுப்பூசிக்குக் கால்நடை மருத்துவரை அணுகலாம். 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் கண்டதுபோல் செய்தி வந்தால், அத்திசைப் பயிற்சியை நிறுத்திவைப்பது நலம். எச்சத்தைப் பெருக்குமுன் நீர் தெளித்து, மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போருக்கு நுரையீரல் நோய் வருகிறது. எச்சம் தழைச்சத்து மிகுந்த எரு. பச்சையாக இட்டால் செடி கருகும். மக்கவைத்துக் கொடுத்தால் அக்கம்பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரர்கள் நட்பாவார்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. பந்தயத்தில் முதலில் வந்த புறா என்று பார்ப்பதில்லை. தூரத்தை நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று கணக்கிடுவர். ஓங்கோலிலிருந்து வியாசர்பாடி சுமார் 265 கி.மீ.; ஆரணி சுமார் 240 கி.மீ. தான். நான்கு மணி நேரத்தில் ஆரணி சேர்ந்த புறாவின் வேகம் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். பழைய தூரத்தையே வைத்துக் கணக்கிட்டால் 1,100-க்கு மேல் காட்டும், சண்டைதான் வரும். எனவே புதுவீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையை அளந்து, பருவம் தொடங்குமுன்பே சங்கத்தில் எழுத்து மூலம் கொடுத்துவிட வேண்டும். வடக்கிலிருந்து வரும் நகரத்துப் புறாக் கூட்டம் பொன்னேரிப் பக்கமாகத் தெற்கே போகும். ஆரணிப் புறா அக்கூட்டத்திலிருந்து பிரிந்து மேற்கே திரும்பக் கற்க வேண்டும். கூடூரிலிருந்தும் நாயுடுப்பேட்டையிலிருந்தும் முதலில் தனித்தனியாக விட்டுப் பயிற்சி கொடுப்பது அதற்காகவே.