சிவகாசியில் தமிழ் பேசிய லண்டன் மாயாவி! தெரியுமா?

எம்.புதுப்பட்டி, சிவகாசி வட்டாரம் என்றதும் என்ன நினைவுக்கு வரும்? பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர்! தமிழ்ப் பிள்ளைகளைச் சோறு தண்ணி மறக்கவைத்த காமிக்ஸும் இங்கிருந்துதான் போனது, தெரியுமா?

1972! சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’! உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் போதும், ஆள் மாயம்! இரும்புக்கை மட்டும் மறையாது! அந்தரத்தில் ஒற்றைக் கை மிதந்துவரும், எதிரிகள் வாய்பிளந்து நிற்பார்கள்! பின்னால் வந்த கதைகளில் அந்தக் கையின் விரலே துப்பாக்கி! இன்னொன்று தெரியுமா? முதல் கதையில் மாயாவி நல்லவரே இல்லை!

வரைந்தவர் யார்? பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ! 1919இல் பிறந்தவர். தம்பிகள், தங்கை என வீடே ஓவியர் பட்டாளம்! ஆளே தெரியாத கட்டத்தில் ஆள் நிற்பதை நம்பவைக்க வேண்டும். வெறும் கறுப்பு மையில் அதைச் சாதித்தார் மனிதர்! 1962 அக்டோபரில் லண்டன் ‘வேலியண்ட்’ வார இதழில் தலைகாட்டிய மாயாவி, பத்தே வருடத்தில் சிவகாசியில் தமிழ் பேசினார்!

1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கிய விஜயனுக்கு அப்போது வயது என்ன தெரியுமா? வெறும் 17! சௌந்தரபாண்டியனின் மகன்தான்!

லயன் வாசகர்களின் செல்லப்பிள்ளை, கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் இருக்கிறாரே, அவர் ராத்திரி வேலையில் பிறந்தவர்! 1948இல் இத்தாலிய ஓவியர் கலெப்பினி பெரிதாக நம்பியது வேறொரு தொடரை. பகலெல்லாம் அதற்கு; டெக்ஸுக்கு இரவு மட்டும்! நடந்தது என்ன? நம்பிய தொடர் சீக்கிரமே நின்றுபோனது. டெக்ஸ் இன்றும் குதிரையேறுகிறார்! இத்தாலிய டெக்ஸ் மாத இதழின் முதல் 400 அட்டைகளும் கலெப்பினி கைவண்ணம்! 400ஆவது அட்டையில் டெக்ஸ் விடைபெறுவதுபோல் கையசைக்கிறார். அந்த 1994ஆம் ஆண்டிலேயே கலெப்பினி காலமானார்!

ரசிகர்கள்? அன்று மாயாவி படித்த பையன்கள் இன்று தாத்தாக்கள்! ஆனாலும் ஈரோடு புத்தகத் திருவிழா வந்தால் லயன்-முத்து கூட்டம் ஊர் ஊராகக் கிளம்பிவந்து கூடுகிறது! பழைய இதழ் ஒன்றுக்காகப் பல வருடம் தேடி அலைபவர்களும் உண்டு!

உங்கள் வீட்டுப் பரணில் பழைய முத்து காமிக்ஸ் கிடக்கிறதா? தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!